வாசல்படி ஏறாத பெட்டி

டீசல் புகையும் மல்லிகைப்பூவும் கலந்தால் என்ன வாசனை வரும் என்று யாராவது கேட்டால், கல்யாண வாசனை வரும் என்று சொல்வேன். போன வாரம் பதுளை பஸ் நிலையத்தில் பண்டாரவளை பஸ்ஸின் முன் இருக்கையில் உட்கார்ந்திருந்தேன். சாரதி எஞ்சினை உறுமவிட்டுவிட்டு வெற்றிலை வாங்க இறங்கியிருந்தார். புகை ஜன்னல் வழியாக உரிமையோடு உள்ளே வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெண், வாழையிலையில் பொதிந்த பூச்சரத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் அமர்ந்தார். அவ்வளவுதான். பஸ் இன்னும் கிளம்பவில்லை, நான் கிளம்பிவிட்டேன். எங்கள் தோட்டத்துச் சந்தி, மழை நின்ற ஒரு வியாழக்கிழமை, மஞ்சள் துணி சுற்றிய ஓர் அரக்கு நிறப் பெட்டி, அந்தப் பெட்டியை அணைத்தபடி கம்பளியைப் போர்த்திக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்த என் பெரியம்மா.

பெரியம்மா என் அம்மாவின் மூத்த அக்கா. பண்டாரவளைக்கும் அப்புத்தளைக்கும் நடுவே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, இளம் வயதிலேயே கணவனை இழந்து, தாயில்லாத தம்பியைத் தன் பிள்ளைபோல வளர்த்து ஆளாக்கியவர். அவருடைய உலகத்தில் எதுவும் சும்மா நடக்காது. பல்லி சும்மா சொல்லாது, பூனை சும்மா குறுக்கே போகாது, தும்மல் சும்மா வராது. நாள்காட்டியில் திகதியைப் பார்க்கிறவர்கள் நாங்கள். அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் ராகுகாலத்தையும் சூலத்தையும் பார்க்கிறவர் அவர். ஒருவர் பரீட்சைக்குப் போவதென்றாலும், பெண் பார்க்கப் போவதென்றாலும், பெரியம்மா நேரம் குறித்துக் கொடுப்பார். குறித்துக் கொடுத்துவிட்டு, அந்த நேரம் வந்ததும் சமையலறைக்குள் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வார். புறப்படுகிறவர்களின் எதிரே தாலி இழந்த பெண் வரக்கூடாது என்பது அவர் யாரும் சொல்லாமல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட சட்டம். "நான் உள்ள இருக்கேன், நீங்க கெளம்புங்க" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வரும். நாங்கள் அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டு, அதைப் பயணத்தின் ஒரு பகுதி என்றே நினைத்துவிட்டோம். பெட்டியைப் பூட்டுவது போல, செருப்பை மாட்டுவது போல. ஒருவராவது ஒருநாளாவது அந்தக் கதவைத் திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

அவர் வளர்த்த அந்தத் தம்பிதான் என் மாமா. பதுளைக்கும் அப்புத்தளைக்கும் ஓடும் தனியார் பஸ்ஸின் சாரதி. நாள் முழுக்க ஊர் ஊராக மற்றவர்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, தான் மட்டும் எங்கேயும் போய்ச் சேராத மனிதர். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் கிடைக்காமல் அல்ல. முதல் முறை நிச்சயத்துக்குப் புறப்படும்போது விளக்கு அணைந்தது. இரண்டாம் முறை தட்டில் வைத்த தேங்காய் உருண்டு வாசலுக்கே போனது. இரண்டு முறையும் பெரியம்மா, "இது சரிவராது" என்றார். இரண்டு முறையும் மாமா மறு பேச்சில்லாமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸை எடுக்கப் போனார். மூன்றாவதாக வந்தது கொழும்பில் தையல் வேலை செய்த ஒரு பெண். இதைப் பற்றி மாமா என் அம்மாவிடம் மட்டும் ஒன்று சொல்லியிருந்தார். "இதுவும் தட்டிப்போச்சுன்னா விட்டுரு. அக்காவையும் நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா இன்னொரு தடவ வேட்டி கட்ட மாட்டேன்." அதனால் அந்தக் கல்யாணப் பயணத்துக்கு முந்தைய நாள் வீட்டில் எல்லோரும் ஒரே ஒரு வேண்டுதலோடுதான் நடமாடினோம்: ஒன்றும் உருளக்கூடாது, ஒன்றும் அணையக்கூடாது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, கொழும்பில். நாங்கள் ரயில் ஏற வேண்டியது வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது. கொழும்போ நேர் மேற்கு. "கொழும்ப வேற பக்கம் நகத்தி வைக்க முடியுமாக்கா?" என்று மாமா கேட்டார். பெரியம்மா சிரிக்கவில்லை. "பரஸ்தானம் வச்சுருவோம்" என்றார். கெட்ட நாளில் கிளம்பியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முந்தைய நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணப் பெட்டியை முதலில் வீட்டைவிட்டு அனுப்பி வேறொரு இடத்தில் வைத்துவிடுவது. பெட்டி கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு நிபந்தனை: அப்படி வைத்த பெட்டி பயணம் முடியும் முன் மறுபடி வீட்டு வாசல்படி ஏறிவிடக்கூடாது. ஏறினால் அந்தப் பயணம் அத்தோடு முறிந்தது. பேருக்கு ஒரு வேட்டியும் துண்டும் வைத்தால் போதாதா என்று அம்மா கேட்டுப் பார்த்தார். "எது போய்ச் சேரணுமோ அதுதான் மொதல்ல கெளம்பணும்" என்று பெரியம்மா தாலியையும் கூறைச்சேலையையுமே பெட்டியில் வைத்து, மஞ்சள் துணியால் சுற்றிக் கட்டினார்.

பெட்டியை வைக்கத் தேர்ந்தெடுத்த இடம் சந்திக் கடை. கடை முதலாளி நம்பிக்கையான மனிதர். ஆனால் கடைக்குள்ளே மேற்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் பீப்பாயும் உப்பு மூட்டையும் இருந்தன. தாலி மண்ணெண்ணெயைப் பார்த்துக்கொண்டு உட்காருமா? பெரியம்மா சொல்லியனுப்பியபடி, கடைக்கு வெளியே இருந்த மரப் பலகையில் பெட்டியை மேற்கு பார்த்து வைத்தோம். முதலாளி தன் கண்ணைவிட்டு அகலாமல் பார்த்துக்கொள்வதாகச் சத்தியம் செய்தார்.

அந்தப் பலகைக்கு ஒரு தொழில் இருந்தது என்பதை, தினமும் அதைப் பார்த்துப் பழகியதாலேயே, நாங்கள் எல்லோரும் மறந்துபோனோம். எங்கள் பக்கத்தில் தபால் வந்து சேர்வதற்குள் பஸ் நாலு தடவை வந்து போய்விடும். ஆகவே பண்டாரவளையில் படிக்கிற பிள்ளைக்குச் சோறு, அப்புத்தளைத் தையற்காரருக்குத் துணி, பதுளை ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்குப் போர்வை எல்லாமே அந்தப் பலகையில்தான் வைக்கப்படும். பஸ் நிற்கும், கண்டக்டர் எட்டி எடுப்பார், எடுத்ததைச் சாரதிக்குப் பின்னால் வைப்பார். போகிற ஊரில் உரியவர் வந்து வாங்கிக்கொள்வார். கேள்வி கிடையாது, பதில் கிடையாது. அது ஒரு தருமம் மாதிரி நடந்துகொண்டிருந்தது.

பொழுது சாயும் நேரம் மாமாவுக்கு நலங்கு வைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிமேல் ஒரு முழம் பூ வைத்துவிட்டு வரும்படி அம்மா என்னைச் சந்திக்கு அனுப்பினார். பலகையில் பெட்டி இல்லை. உள்ளே பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு வெளியே ஓடி வந்தார். பலகையைப் பார்த்தார். பலகைக்கு அடியில் பார்த்தார். வானத்தைக்கூடப் பார்த்தார். "இப்பதாம்மா அப்புத்தளை பஸ்ஸு போச்சு" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்து, தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் பூவோடு திரும்பி ஓடினேன். வீட்டு முன்பக்கத்து இஸ்தோப்பில், முகமெல்லாம் மஞ்சளும் சந்தனமுமாக உட்கார்ந்திருந்த மாமாவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். "அக்காவுக்குத் தெரியுமா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. தெரியாது. பெரியம்மா பின்னால் அடுப்படியில் அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தார். நலங்கு நடக்கும் இடத்துக்கும் அவர் வருவதில்லையே. "அவங்கள அங்கயே பிடிச்சு வை" என்று அம்மா என்னைத் தள்ளினார். நான் அடுப்படிக்குப் போய், மாவை எப்படித் தட்டுவது, எண்ணெய் எப்போது காயும், பாகு எந்தப் பதத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினேன். பெரியம்மா சந்தேகத்தோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டி, இத்தன வருசமா திங்கத்தான தெரியும் ஒனக்கு? இன்னைக்கு என்ன அதிரசத்து மேல இவ்ளோ பாசம்?"

இஸ்தோப்பில் மாமா போனை எடுத்திருந்தார். அந்த வழியில் ஓடும் பஸ்காரர்கள் எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். கொஞ்ச நேரத்தில் போனும் மஞ்சளாகிவிட்டது. அடுப்படிக்கும் முன்வாசலுக்கும் நடந்துகொண்டிருந்த எனக்குத் துண்டு துண்டாகக் கேட்டது. "அரக்குக் கலர் பெட்டி மச்சான், மஞ்சத் துணி சுத்தியிருக்கும்… ஆமாடா, என் பெட்டிதான்… இல்லடா, நான் ஏறல, பெட்டி மட்டும் ஏறிருச்சு!" மறுமுனையில் அவர்கள் சிரிப்பது அடுப்படிவரை கேட்டது. அப்புத்தளைக் கண்டக்டர் கடைசியில் அகப்பட்டார். "அண்ணே, இங்க யாருமே வாங்க வரல. பாவம், யார் காத்துக்கிட்டு இருக்காங்களோன்னு பதுளைக்குத் திரும்புற பஸ்ல போட்டு விட்டுட்டேன்." பதுளை பஸ்ஸோ எங்கள் சந்தியைத் தாண்டிப் போய் நேரமாகிவிட்டது. நாங்கள் இங்கே தேடிக்கொண்டிருந்தபோதே, பெட்டி எங்கள் வீட்டுக்குக் கீழே, எங்களைப் பார்த்துக்கொண்டே, உல்லாசமாகப் போயிருக்கிறது. அதற்கு ஊரெல்லாம் நல்லவர்கள். கிடைத்தவர்கள் எல்லோரும் அதற்கு உதவி செய்தார்கள். உதவி செய்யச் செய்ய அது தூரம் போயிற்று.

இதற்கு நடுவே கொழும்பிலிருந்து மணப்பெண் பேசினார். மாமா முகம் சந்தனத்துக்கு மேலேயே சிவந்தது. "எல்லாம் எடுத்து வச்சாச்சா? பெட்டி கட்டியாச்சா?" என்று கேட்டிருக்க வேண்டும். மாமா, "கட்டியாச்சு, கட்டியாச்சு. பெட்டி எங்களுக்கு முன்னாலயே கெளம்பிருச்சு" என்றார். அன்று மாலை அந்த வீட்டில் பேசப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

நன்றாக இருட்டியபின் கீழே ரோட்டில் ஹோர்ன் சத்தம் கேட்டது. நிறுத்தாமல், வளைவுக்கு வளைவு, கோயில் திருவிழா மாதிரி. மாமா ஓட்டும் பஸ்தான். வழக்கம்போல இரவுக்கு எங்கள் வீட்டுக்குக் கீழே நிறுத்த வந்திருந்தது. அன்றைக்கு மாமாவுக்குப் பதில் ஓட்டிய தோட்டத்துச் சாரதி இறங்கித் தன் வீட்டுக்கு நடந்தார். கண்டக்டர் தம்பி மட்டும் அரக்கு நிறப் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் படிக்கட்டில் ஓடி வந்தார். பதுளையில் பிடித்துவிட்டாராம். தன் கையாலேயே வீட்டில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற ஆசையில் போனில் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையாம். "அண்ணே! மாப்பிள்ள அண்ணே! பெட்டி வந்துருச்சு!" என்று ஊர் கேட்கக் கத்திக்கொண்டு வாசல்படியில் ஏறக் காலைத் தூக்கினார்.

"நில்லுடா!" என்று மாமாவும் அம்மாவும் இன்னும் யார் யாரோவும் ஒரே குரலில் அலறினார்கள். கண்டக்டர் தம்பி தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றார். அலறல் கேட்டு, கையெல்லாம் மாவோடு, பெரியம்மா முன்வாசலுக்கு வந்துவிட்டார்.

பெரியம்மா பெட்டியைப் பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். அந்தரத்தில் நின்ற காலைப் பார்த்தார். கடைசியாகத் தம்பியின் முகத்தைப் பார்த்தார். மாமா தலையைக் குனிந்து, சட்டையின் மேல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஆணியில் மாட்டுவதற்குக் கழற்றத் தயாராகிறவர் போல. அந்தக் கை பெரியம்மாவின் கண்ணில் பட்டது. எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

"எங்கெங்க தம்பி போச்சு இது?" என்று கண்டக்டரிடம் கேட்டார்.

"அப்புத்தள போச்சும்மா. அங்கருந்து பதுள. பதுளையில இருந்து நம்ம பஸ்ஸுல."

"வழியில எங்கயாவது எறங்கி யார் வீட்டுக்காவது போச்சா?"

"இல்லம்மா. பஸ்ஸு மாறி பஸ்ஸுதான்."

பெரியம்மா மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "அப்ப இது எங்க திரும்பி வந்துச்சு? இன்னும் பயணத்துலதான இருக்கு! நம்ம யாரும் போகாத தூரம் போயி, ஒரு கீறல் இல்லாம நிக்குது. இதவிட என்ன சகுனம் வேணும்? பேயாட்டம் நிக்காத, காலக் கீழ வையி. படியில இல்ல, மண்ணுல! கொண்டுபோயி பஸ்ஸுலயே வச்சிரு."

மாமாவின் கை பொத்தானை விட்டது. அம்மா சுவரில் சாய்ந்து சிரித்தார், அழுதார், எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. கண்டக்டர் தம்பி காலைக் கீழே வைத்த சத்தம்கூட மேளம் மாதிரி கேட்டது. சகுனங்களுக்கு அந்த வீட்டில் ஒரே ஒரு வக்கீல் பெரியம்மாதான். அந்த வக்கீல் அன்றைக்குத் தம்பிக்காகக் கட்சி மாறினார். சட்டத்தை மீறவில்லை, அதற்குள்ளேயே ஒரு கதவைக் கண்டுபிடித்துத் திறந்துவிட்டார். அவ்வளவு காலமும் அந்தக் கதவு அங்கே இருந்தது அவருக்குத் தெரிந்துதான் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் தாலி இருக்கும் பெட்டிக்கு இரவில் காவல் வேண்டும். நலங்கு வைத்த மாப்பிள்ளை இருட்டில் ரோட்டில் இறங்கக்கூடாது. "நான் போறேன்" என்றார் பெரியம்மா. "நாளைக்கு ஒங்களோட வரப்போறதில்ல. இதையாவது செய்யிறேனே." கம்பளியும் பிளாஸ்கில் பிளேன்டீயுமாக நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் அதிரசத் தட்டோடு வந்து ஏறினார்கள். நிற்கிற பஸ்ஸுக்குள் விளக்கைப் போட்டால் மலைக்கு நடுவே அது ஒரு சின்னக் கோயில் போலத்தான் இருக்கிறது. பாட்டு, கேலி, மாப்பிள்ளை சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த கதை. பெரியம்மா பெட்டியை மடியோடு அணைத்துக்கொண்டு முன் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் தம்பி தோள்பையை மாட்டிக்கொண்டு, "எங்கம்மா போகணும்?" என்று நடித்தார். "கொழும்புக்கு ஒண்ணு குடு" என்றார் பெரியம்மா. எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு, மற்றவர்கள் வேறு பேச்சுக்குப் போனதும், மெல்ல என்னிடம், "அப்புத்தளைக்கு அங்கிட்டு என்ன ஊருடி வரும்?" என்றார். இதல்கஸ்ஹின்ன, ஒஹிய, பட்டிப்பொல என்று சொல்லிக்கொண்டே போனேன். ஒவ்வொரு பெயரையும் வாயில் வைத்து, கற்கண்டு போல உருட்டிப் பார்த்தார். "சும்மா கேட்டேன்" என்றார். கண்டக்டர் தம்பியும் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். மாமாவைத் தேடி வீட்டுப் பக்கம் போனவர் திரும்பி வர நேரமாயிற்று.

விடிந்ததும் எல்லோரும் புறப்பட்டு வந்தார்கள். ஸ்டேஷனுக்கு அதே பஸ். சூலத்துக்குப் பரிகாரமாக எல்லோர் வாயிலும் வெல்லம். மாமா வேட்டியில் படியிறங்கி வருவதைக் கண்டதும் பெரியம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, எதிரே வராமல் பஸ்ஸின் பின்கதவு வழியாக இறங்கப் பார்த்தார். மாமா சுற்றிக்கொண்டு ஓடி, பின்கதவின் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு வழிமறித்தார்.

"எங்கக்கா போற?"

"வீட்டுக்குப் போறேன்டா. வழிய விடு, நல்ல நேரம் போகுது."

"வீட்டுக்கா? பரஸ்தானம் வச்சது பயணம் போகாம வாசப்படி ஏறலாமா?"

"நான் என்னடா, பெட்டியா?"

"ராத்திரி முழுக்கப் பெட்டியோட பெட்டியாத்தான ஒக்காந்திருந்த? நல்ல நாள்ல வீட்டவிட்டு எறங்கி, கொழும்புக்கு டிக்கட்டு வேற கேட்டிருக்க. ஒன் சட்டத்தச் சொல்லு. இப்ப நீ வீட்டுக்குத் திரும்பினா எங்க பயணம் முறிஞ்சிருமா, முறியாதா?"

பெரியம்மா எங்களைப் பார்த்தார், நாங்கள் யாரும் உதவிக்கு வரவில்லை. "மாத்துச் சேலகூட இல்லையேடா" என்றார். நான் என் பையை அவர் மடியில் வைத்தேன். "வீட்டுல வெளக்கு யாரு வைப்பா? கல்யாணம் முடியிற வரைக்கும் வெளக்கு அணையக் கூடாதே." நான் இருக்கிறேன் என்றேன். என் ரயில் சீட்டு ஜன்னலோரச் சீட்டு என்றும் சொன்னேன். அவர் முகத்தில் அப்போது நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் மொழி வரவில்லை. மூடுபனி விலகும்போது அப்புத்தளை மலைச்சரிவில் தேயிலை ஒவ்வொரு நிரையாகத் தெரிய வருமே, அதுபோல.

இப்போது பெரியம்மா கொழும்பில்தான் இருக்கிறார். மாமா அங்கே பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அத்தை தைக்க, பெரியம்மா பொத்தான் வைக்கிறார். நடுவே அவர்கள் குழந்தைக்கு ராகுகாலம் சொல்லிக்கொடுக்கிறார். எங்கள் சந்தியிலும் பலகை போய், பார்சலுக்கென்று கண்ணாடிக் கதவு போட்ட அறை வந்துவிட்டது. எந்தப் பொருள் எங்கே போகிறதென்று இப்போது போனிலேயே பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் அன்றைக்கே அப்படிப் போனில் பார்த்திருந்தால் எங்கள் பெட்டி நேராக வந்திருக்கும், பெரியம்மா கதவுக்குப் பின்னாலேயே இருந்திருப்பார். போன மாதம் நான் கொழும்பிலிருந்து கிளம்பும்போது, நாள் பார்த்துக் கொடுத்துவிட்டு, வாசலுக்கு முன்னால் வந்து நின்று கை காட்டினார்.

அந்த வெள்ளிக்கிழமை பண்டாரவளை நடைமேடையில் தட்டுகளும் பூவும் சிரிப்புமாக எங்கள் கூட்டம் நின்றது. கொஞ்சம் தள்ளி, வெள்ளைச் சேலை கட்டிய முன்பின் தெரியாத ஓர் அம்மா, பையும் கையுமாக வந்துகொண்டிருந்தவர், கல்யாணக் கூட்டத்தைக் கண்டதும் சட்டென்று தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டார். ரயில் வந்தது, ஏறினார்கள், வழியனுப்ப வந்த நான் நடைமேடையிலேயே நின்றேன், பெரியம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரின் கண் தூணுக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஊதல் கேட்டது. பெட்டிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு அசையத் தொடங்கியபோது, ஜன்னல் கம்பிக்கு வெளியே பாதிக் கையை நீட்டி, நடைமேடை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்:

"அக்கா! தூணுக்குப் பின்னால என்னக்கா வேல? முன்னால வாங்க! அடியே, நீயும் அவங்க பக்கத்துல போயி நில்லு. ரெண்டு பேரும் எனக்கு எதிர்லயே நில்லுங்க. வளைவு வர்ற வரைக்கும் பாத்துக்கிட்டே போறேன்."